கரண்டு ரம்பமும் அப்பாவின் துண்டும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால்தான் வந்து சேரும். அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. திண்டிவனத்தில் அத்தை வீட்டு மொட்டை மாடியில் விடியற்காலையிலேயே எழுந்து பிழிந்து வைத்த வத்தல், பாய் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன், நறநறவென்றது. பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அங்கேயிருந்து வெள்ளையாகத் தூசி எழும்பி, விலாசம் கேட்டுக்கொண்டு வருவதுபோல நேராக எங்கள் மாடிக்கே வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்தது சிமெண்டுச் சாமான் செய்கிற பட்டறை. ஜன்னலுக்கு வைக்கிற ஜாலி, வேலிக்கு நடுகிற கான்கிரீட் தூண், மொசைக் கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கே வார்ப்பார்கள். அறுபதுகளின் தொடக்கம். ஊரில் புதுசு புதுசாக மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பட்டறை முதலாளி மெட்ராஸில் ஒரு காண்டிராக்டரிடமிருந்து பழைய கரண்டு ரம்பம் ஒன்றை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஓர் இரும்பு மேஜை, அடியில் மோட்டார், மோட்டாரிலிருந்து பெல்ட், மேஜையின் நடுவில் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய ஒரு சக்கரம். மர ரம்பத்துக்கு இருப்பது போலப் பல் எதுவும் கிடையாது. கார்பரண்டம் என்கிற கல்லில் செய்த சக்கரம் அது. அது சுற்றுகிற வேகத்தில் கான்கிரீட்டும் கடப்பைக் கல்லும் இரண்டு துண்டாக விழும்.

எனக்குச் சொந்த ஊர் விழுப்புரம். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலமும் வேர்க்கடலை வாங்கி விற்கிற ஒரு மல்லாட்டை மண்டியும் இருந்தன. அத்தை அப்பாவின் தங்கை. அத்தையின் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. அதனால் பாதி வருஷம் நான் அத்தைக்குத் துணையாகத் திண்டிவனத்தில்தான் இருப்பேன். அத்தையும் நானும் சேர்ந்தால் வீட்டில் பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைச்சலே இல்லை. இந்தப் பாழாய்ப்போன ரம்பம் வரும்வரை மாடியில் தூசியும் இல்லை.

கீழே ஓடிவந்து, மதில் ஓரத்தில் இருந்த துவைக்கிற கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். காக்கி அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், மூக்கிலும் வாயிலும் ஈரத் துணி கட்டிய ஓர் ஆள் நின்றிருந்தார். ரம்பக்காரர். புருவம், முடி எல்லாம் வெள்ளை. கண் மட்டும் தெரிந்தது.

"யோவ்! நிறுத்துய்யா! எங்க வத்தல் பூரா உன் சிமெண்ட்ட கொட்டிட்டு நீ பாட்டுக்கு அறுத்துக்கினு இருக்கியே, கண்ணு தெரியலயா?"

அவர் சுவிட்சை அணைத்தார். சக்கரம் முழுக்க நிற்கிற வரை என் பக்கம் திரும்பவில்லை. நான் கத்திக்கொண்டிருக்கிறேன், அந்த மனுஷர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு இன்னும் ஏறிவிட்டது. அது நின்ற பிறகுதான் மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டுப் பேசினார்.

"தப்புதாங்க. தண்ணி விட்டுக்கினே அறுக்கணும். தண்ணி டின்னு ஓட்டையாப் பூட்ச்சி. முதலாளி ஜல்தி ஜல்தின்னு நிக்கிறாரு. இந்தத் தூசி உங்க வத்தலுக்கு மட்டுமில்ல, என் நெஞ்சுக்கும் ஆவாது."

இப்படி ஒரேயடியாகத் தப்பு என்று ஒத்துக்கொண்டால் மேலே எப்படிச் சண்டை போடுவது? நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன், எல்லாம் வீணாய்ப் போயிற்று. முறைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் சத்தம் கேட்டது, தூசி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே ஒரு கிரசின் டின்னைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகச் சக்கரத்தில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி செய்திருந்தார். தூசியெல்லாம் சேறாகி மேஜையில் வழிந்து ஒரு வாய்க்காலில் போயிற்று. இதை முந்தின நாளே செய்ய என்ன கேடு என்று நினைத்தேன். ஆனால் உடனே இறங்கவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது என்று சொல்ல வெட்கப்படவில்லை. துணி துவைக்கப் போனால் ஒரு பார்வை, மாடிக்குப் போனால் ஒரு பார்வை. அந்த மனுஷர் செய்கிற காரியங்கள் முக்கால்வாசி எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தன. காலையில் வந்ததும் முதல் வேலையாக மதில் மூலையில் ஓர் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். செடி இல்லை, கொடி இல்லை, ஒரு புல்கூட இல்லை. தினமும் ஊற்றுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"இன்னாங்க, அங்க இன்னா முளைக்கப்போவுது?"

"ஒண்ணும் முளைக்காதுங்க. எர்த்து. மிஷின்ல எங்கனா கரண்டு கசிஞ்சா என் உடம்புல எறங்காம இந்தக் கம்பி வழியா பூமிக்குப் பூடும். இந்த வெயிலுக்குக் குழி காஞ்சி கெடந்துதுன்னா கரண்டு எறங்காது. உள்ள கரியும் உப்பும் போட்டிருக்கு. ஈரமா வெச்சிக்கணும்."

"அந்தப் பக்கம் தண்ணி சொட்டுது, இந்தப் பக்கம் கரண்டு ஓடுது. உங்களுக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்குது. அதனாலதான் ஊத்திக்கினு இருக்கேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆம்பிளைகள் யாரும் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அடுக்களையிலிருந்து கல் உப்பு ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் சுற்றி மதில்மேல் வைத்துவிட்டு வந்தேன். அத்தை பார்த்துவிட்டு, "இன்னாடி, உப்பு நடந்து போவுது?" என்று கேட்டாள். எர்த்துக்கு என்றேன். அத்தைக்கு என்ன புரிந்ததோ, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ரம்பத்துக்குப் புதுச் சக்கரம் மாட்டுகிற அன்றைக்குப் பார்க்க வேண்டும் அவரை. மெயினிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். பியூஸ் அவரிடம் இருக்கிற வரை அந்தப் பட்டறையில் எவனும் தெரியாமல்கூடச் சுவிட்சைத் தட்டி மிஷினை ஓட்ட முடியாது. பிறகு சக்கரத்தின் நடு ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரக் கைப்பிடியால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். சந்தையில் நாங்கள் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். கணீரென்றால் மாட்டுவார். ஒருநாள் ஒரு சக்கரம் பொத்தென்று சத்தம் கொடுத்தது. கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியவில்லை. சம்மட்டியை எடுத்து அதை நாலு துண்டாக உடைத்துப் போட்டுவிட்டார். முதலாளி ஓடிவந்து குதிகுதியென்று குதித்தார்.

"டேய், மெட்ராஸ்லேர்ந்து வந்த சக்கரம்டா! திருப்பிக் குடுத்திருக்கலாமேடா!"

"முழுசா இருந்தா யாராச்சும் எடுத்து மாட்டிடுவாங்க முதலாளி. இது சுத்தறப்ப ஒடைஞ்சா துண்டு ஒவ்வொண்ணும் துப்பாக்கி குண்டுங்க."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போனார். மாட்டிய பிறகும் உடனே கல்லை வைக்க மாட்டார். மேல்மூடியைப் பொருத்தி, சக்கரத்துக்கு நேராக யாரும் இல்லாதபடி எல்லாரையும் விலக்கி, தானும் பக்கவாட்டில் ஒரு மரப் பலகைமேல் ஏறி நின்று, கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிடுவார். அப்புறம்தான் கல். அதையும் அழுத்தித் தள்ள மாட்டார். சக்கரம் தின்கிற வேகத்துக்குத்தான் கொடுப்பார். சாயங்காலம் தண்ணீரை நிறுத்திவிட்டு மறுபடி வெறும் சக்கரத்தைச் சுற்றவிட்டு ஈரத்தை உதறுவார். ஈரத்தோடு நிறுத்தினால் தண்ணீரெல்லாம் சக்கரத்தின் அடிப்பக்கம் இறங்கி, மறுநாள் ஒருபக்கம் கனத்துக்கொண்டு ஆடுமாம். பிறகு பியூஸைப் பிடுங்கிக்கொண்டு, சிமெண்டுச் சேறு இறுகுவதற்குள் மேஜையைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, பேரிங்குக்கு எண்ணெய் விட்டு, பெல்ட்டை அமுக்கிப் பார்த்து, மோட்டாருக்குத் தார்பாய் போர்த்துவார். எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்குக்கூட அவ்வளவு சிசுருஷை நடந்ததில்லை.

நானும் ஒரு காரியம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மெயினிலிருந்து ரம்பத்துக்குப் போகிற ஒயர் தரையில் ஈரத்தில் கிடக்கக் கூடாது என்று உயரே கொக்கி கொக்கியாக மாட்டியிருந்தார். அது எங்கள் மாடியை ஒட்டித்தான் போயிற்று. ஒருநாள் வத்தல் திருப்பிப் போடும்போது பார்த்தேன், அணில் ஒயரைக் கடித்துக் குதறியிருந்தது. உள்ளே செம்புக் கம்பி பளபளத்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! ஒயரு பிஞ்சிருக்குது!"

அவர் நிறுத்திவிட்டு, பியூஸைப் பிடுங்கிக்கொண்டு ஏணி போட்டு ஏறிவந்து பார்த்தார். அந்த ஒயருக்கும் தனக்கும் நடுவில் மழையோ ஈரத் துணியோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஏணியில் நின்றபடியே என்னைப் பார்த்து, "நீங்க நல்லா இருக்கணும்ங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு இவரைப் பிடித்துப்போய்விட்டது. இவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த மாடியிலேயே தீர்மானம் செய்துவிட்டேன். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று அத்தை பிற்பாடு கேலி செய்வாள்.

அத்தையிடம் மறைக்க முடியுமா? அவளே ஒருநாள் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள். சொன்னேன். திட்டவில்லை. பையன் யார், எந்த ஊர் என்று விசாரித்தாள். பனமலைப் பக்கம். அம்மா மட்டும் அங்கே இருக்கிறாள். எங்களுக்குத் தூரத்து உறவு, முறையும் சரியாக இருந்தது. குடி, சீட்டு எதுவும் கிடையாது. அவரிடமும் ஜாடையாகக் கேட்டு, சம்மதம் என்று தெரிந்துகொண்டாள். அத்தை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள். நானும் போனேன்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"மிஷின்ல வேலை செய்றவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்."

அப்பா அப்படிச் சொன்னதற்குக் காரணம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சித்தப்பா. அப்பாவின் தம்பி. சில வருஷத்துக்கு முன்னால் மண்டியில் மல்லாட்டை உடைக்கிற மிஷின் வாங்கியபோது, அதை முதல் முதலாக ஓட்டியவர் அவர்தான். பூஜை போட்டு, ஊரைக் கூப்பிட்டு, பொங்கலுக்கு எடுத்த முழுக்கைச் சொக்காயோடு நின்று ஓட்டினார். சொக்காய்க் கையை பெல்ட் பிடித்து இழுத்தது. வலது கை முழங்கை வரை போய்விட்டது. அதற்கப்புறம் சித்தப்பாவுக்கு வேட்டி கட்டிவிடுவதிலிருந்து சோறு பிசைந்து கொடுப்பது வரை எல்லாம் சித்திதான். சித்தி ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. ஆனால் சித்தப்பா அதற்குப் பிறகு நாலு பேர் இருக்கிற பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

"உங்க சித்தி படுறத பாத்துமா உனக்கு இந்த ஆசை?" என்று அப்பா என்னிடம் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அழவைத்துவிட்டது.

என் தாய்மாமன் வேறு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் ஏற்கனவே ஓர் அரிசிக்கடை மாப்பிள்ளை தயாராக இருந்தான். "அந்த ரம்பத்துல மெட்ராஸ்ல இவனுக்கு முன்ன வேலை செஞ்சவன் ரெண்டு வெரல குடுத்துட்டுப் போனான், தெரியுமா? நான் விசாரிச்சிட்டேன்" என்றார். அது நிஜம்தான். எனக்கும் தெரியும். அந்த ஆள் மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அறுத்தவன்.

நான் சாப்பிடாமல் கிடந்தேன், பேசாமல் கிடந்தேன். நான் சாப்பிடாததைவிடப் பேசாததுதான் வீட்டைப் பயமுறுத்தியது. கடைசியில் அப்பா இறங்கிவந்தார், பாதி வழிக்கு.

"சரி. பையனையும் பாக்க வேணாம், அவன் வூட்டையும் பாக்க வேணாம். மொதல்ல அந்த ரம்பத்த பாக்கறேன். அது ஓடறத பாக்கறேன். அப்பறம் சொல்றேன். நான் வேணாம்னு சொல்லிட்டேன்னா, நீ அரிசிக்கடைக்கு சரின்னு சொல்லணும்."

ஒத்துக்கொண்டேன். வேறு வழி? என் வாழ்க்கை அந்த ரம்பம் ஓடுகிற அழகில் மாட்டிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் திண்டிவனம் வந்தார்கள். அத்தை வடை, பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தாள். சம்பந்தம் பேசி முடியாமல் சாப்பிடக் கூடாது என்று மாமா காப்பிகூட வேண்டாம் என்றுவிட்டார். நேராகப் பட்டறைக்குப் போனார்கள். நான் துவைக்கிற கல்மேல் ஏறி மதிலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். அத்தை என் பக்கத்தில், எட்டாமல், "இன்னா நடக்குது? இன்னா நடக்குது?" என்று என் பாவாடையை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா எங்கே போனாலும் மடிப்புக் கலையாத துண்டு தோளில் இருக்கும். அன்றைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நாள் ஆச்சே, நீலம் போட்டு வெளுத்த நீளத் துண்டு, இரண்டு பக்கமும் இடுப்புக்குக் கீழே தொங்கியது. அந்தத் துண்டு சும்மா வந்ததில்லை. அப்பா வாலிபராக இருந்தபோது பெரிய மனுஷர்கள் வீட்டு வாசலில் எங்கள் ஆட்கள் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அப்பா எடுக்க மாட்டேன் என்று நின்றவர். அதற்காக அறுவடை நேரத்தில் அவருடைய நெல்லை யாரும் வாங்காமல் போனது வரை நடந்திருக்கிறது. சாமி சந்நிதியைத் தவிர வேறு எங்கேயும் அப்பா தோளிலிருந்து துண்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

அப்பா போய் ரம்பத்துக்கு நேர் எதிரே, கிட்டத்தில் நின்றார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். துண்டின் நுனி மேஜையைத் தொட்டது. முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டு, "ஓட்டிக் காட்டுப்பா, பெரியவரு பாக்கட்டும்" என்றார்.

"ஓட்டுங்க தம்பி" என்றார் அப்பா.

ரம்பக்காரர் பலகைமேல் ஏறினார். சுவிட்ச் பக்கம் கை போயிற்று. நின்றுவிட்டது. அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ, சொல்லிவிடாதே, இன்றைக்கு மட்டும் சொல்லாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன். உண்மையாகவே கும்பிட்டேன்.

"ஐயா, கோச்சிக்காதீங்க. தோள்ல இருக்குற துண்ட எடுத்து வெளிய வெச்சிட்டு, இந்தப் பக்கமா தள்ளி வந்து நில்லுங்க. நேரா நிக்கக் கூடாது."

மாமாவின் முகம் சிவந்தது.

"யார்கிட்ட இன்னா பேசற நீ? பொண்ணு குடுக்க வந்தவர துண்ட எடுக்கச் சொல்றியா?"

"சுத்தறப்ப நுனி மாட்டுச்சின்னா ஆளையே இழுத்துடுங்க."

முதலாளி பதறினார். "ஒரு நிமிஷந்தானேப்பா, பெரியவரு துண்ட கைல புடிச்சிக்குவாரு. ஓட்டுப்பா. பேஜாரு பண்ணாத."

"கைல புடிச்சா ஆவாதுங்க" என்றார் அவர். குரல் நடுங்கியது, எனக்கு மதில்வரைக்கும் கேட்டது. பேசிக்கொண்டே மெயினிடம் போய்ப் பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "என்ன மன்னிச்சிடுங்க ஐயா. இப்பிடி நீங்க நிக்கறப்ப என்னால ஓட்ட முடியாது."

அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி வெளியே நடந்தார். துண்டு தோளிலேயே இருந்தது.

நான் கல்லிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வீட்டுக்குள் வந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"போதும் மச்சான். இன்னிக்கே துண்ட எடுன்றான், நாளைக்கு வேட்டிய அவுருன்னுவான். கெளம்பு. சாயங்காலம் அரிசிக்கடைக்காரனுக்கு சொல்லி அனுப்பிடறேன். ஏம்மா, நீயும்தான பாத்த? வாக்கு குடுத்திருக்க இல்ல?"

அத்தை என் கையைப் பிடித்தாள். பேசாதே என்று அர்த்தம். நான் பேசாமல் இருந்ததில் பாதிக் காரியம்தான் நடந்திருந்தது.

"எப்பா, அவரு பண்ணது மரியாத இல்லதான். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அன்னிக்கி மண்டில சித்தப்பா முழுக்கை சொக்காயோட நின்னாரே, அப்ப பக்கத்துல இந்த மாதிரி மரியாத தெரியாதவன் ஒருத்தன் இருந்து, சொக்காய கழட்டுய்யா, இல்லன்னா ஓட்ட மாட்டேன்னு சொல்லியிருந்தா, நீ அவன் மேல கோச்சிக்கினு வந்திருப்பியா? சித்தப்பாவுக்கு இன்னிக்கி கை இருந்திருக்குமே! அப்பிடிச் சொல்ல ஒருத்தனுமே இல்லியே அன்னிக்கி!"

சொல்லி முடித்த பிறகுதான் சத்தமாகப் பேசிவிட்டது தெரிந்தது. அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். என்னை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. ஆனாலும் நினைத்தேன்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் யாரிடமும் இல்லாத மாதிரி பேசினார்.

"இருந்தேன்."

எங்களுக்குப் புரியவில்லை.

"நான்தான் பக்கத்துல இருந்தேன். அந்த சொக்கா கை தொங்கறத பாத்தேன். கழட்டுடான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சி. ஊரே நிக்குது. புது சொக்கா. ஆசையா போட்டுக்கினு நிக்கிறான். நாலு பேரு எதிர்ல சொன்னா தம்பி மூஞ்சி சுண்டிடுமேன்னு… உட்டுட்டேன்."

மாமா நடப்பதை நிறுத்தினார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை வருஷமும் இதை அப்பா எங்கே வைத்திருந்தாரோ. சித்தப்பாவுக்கும் அவர் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தது. நான் அழுதேன். எனக்காக அழவில்லை. அந்த நேரத்தில் கல்யாணமும் அரிசிக்கடையும் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

அப்பா எழுந்தார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். எப்போதும் போல இரண்டாக மடித்து, என் கையில் கொடுத்தார். முழுக்கைச் சட்டையின் பித்தான்களைக் கழற்றி, கையை முழங்கைக்கு மேலே இறுக்கிச் சுருட்டிவிட்டுக்கொண்டார். வெளியே போனார். மாமா என்ன செய்வதென்று தெரியாமல் வாசல்வரை போய் நின்றுகொண்டார்.

நான் மதிலுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது. முதலில் வெறுமனே ஓடியது. அப்புறம் சத்தம் கனத்தது, கல்லைக் கொடுக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். நிதானமாக, ஒரே சீராக அறுத்தது. எத்தனை தரம் திட்டியிருப்பேன் அந்தச் சத்தத்தை! அத்தை வழக்கம்போல் காதைப் பொத்திக்கொண்டாள். நான் துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அது நின்றது. நின்ற பிறகும் அப்பா உடனே வரவில்லை. இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று அப்பாவும் சொன்னதில்லை, அவரும் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. கேட்டால், எர்த்தைப் பற்றிப் பேசினோம் என்பார்.

அப்பா வந்தபோது சட்டையில் சிமெண்டுச் சேறு தெறித்திருந்தது. பின்கட்டுக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாமா மெதுவாகக் கேட்டார்.

"இன்னா மச்சான் முடிவு பண்ணீங்க?"

அப்பா அத்தையைப் பார்த்தார்.

"எலைய போடும்மா. அவன் என்னை நாலு பேரு எதிர்ல அசிங்கப்படுத்திட்டான். அவனுக்கே குடுத்துடலாம்."